அருவிக்குப் பின்னால் இருந்த பெரணி

சங்கத் தலைவர் என்று ஓர் இனம் உண்டு. பூச்சி, புழு, பாசி எல்லாவற்றையும் ஆராய்ந்தவர்கள் இதை மட்டும் ஆராயாமல் விட்டுவிட்டார்கள். உயரமான நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே தானாக முளைக்கும். கைதட்டல்தான் உரம். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிடுங்க முடியாது.

இங்கிலாந்தில், எங்கள் டெவன்ஷையரில் ஊருக்கு ஒருவர் இருப்பார். தார்ன்லீ இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்துக்கு ஜோசையா லஸ்கம். ஒயின் வியாபாரத்தில் வயிறும் வசதியும் பெருத்த பிறகு விஞ்ஞானத்தின் பக்கம் வந்தவர்.

ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். "வேண்டாங்க, வேற யாரையாவது போடுங்க" என்று கையை ஆட்டியபடியே நாற்காலியை நோக்கி நடப்பார். மார்ச்சில் சொற்பொழிவு, நத்தையின் பற்களைப் பற்றிப் பாதிரியார் பேசப் பேச, முன்வரிசை குறட்டை விடும். ஜூனில் ஆராய்ச்சிப் பயணம். அதாவது ஆறிய ஆட்டிறைச்சி, வாத்து முட்டை, ஷெர்ரி ஒயின், அதற்குமேல் வயிற்றில் இடமிருந்தால் இயற்கை. அக்டோபரில் நுண்ணோக்கி மாலை. தெள்ளுப்பூச்சியின் காலைப் பார்த்துச் சீமாட்டிகள் வீறிடுவார்கள், வரிசையில் நின்று இன்னும் பார்க்காதவர்களும் சேர்ந்து வீறிடுவார்கள். டிசம்பரில் விருந்து. இதில் விஞ்ஞானம் எங்கே என்கிறீர்களா? இப்படிக் கேட்கிறவர்களை அங்கே உறுப்பினராகச் சேர்ப்பதில்லை.

பெண்களையும் சேர்ப்பதில்லை. விருந்தினராக வரலாம், தேநீர் ஊற்றலாம். அப்படி வந்துகொண்டிருந்தவர்தான் பள்ளி ஆசிரியை பிரிசில்லா ஹெக்ஸ்ட். மலைச்சரிவில் ஓர் அருவிக்குப் பின்னால், அந்த வட்டாரத்திலேயே யாரும் பார்த்திராத ஒரு பெரணிச் செடியை அவர் கண்டுபிடித்தார். கட்டுரை எழுதினார். மார்ச் கூட்டத்தில் லஸ்கம் அதைத் தம் குரலில் வாசித்தார். 'நான்' என்று இருந்த இடமெல்லாம் 'நமது சங்கம்' ஆயிற்று. அதற்கும் ஹெக்ஸ்ட் சந்தோஷப்பட்டார், பாவம்.

"இடத்தை மட்டும் சொல்லுங்கம்மா. பாத்துட்டு வந்துடுவோம்" என்றார் லஸ்கம்.

"மொத்தமே சின்னப் புதர்தான் ஐயா இருக்கு. யாராவது கைய வச்சா போயிடும்."

"நாங்க என்ன ஆடா, மாடா? படிச்சவங்கம்மா!"

ஹெக்ஸ்ட் சொல்லிவிட்டார்.

ஜூனில் சங்கத்தின் வண்டிகள் அருவி அடிவாரத்துக்குப் போயின. சாப்பாடு முடிந்தது. பாத்திரங்களைக் கட்டிவைக்கும் வேலையை ஹெக்ஸ்டின் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் அருவிக்கு ஏறினார்கள். ஏறியதும் ஒவ்வொரு உறுப்பினரின் கோட்டுப் பையிலிருந்தும் மண் தோண்டும் கைக்கரண்டி ஒன்று வெளியே வந்தது. டாக்டர் எடுத்தார். பாதிரியார், படைத்தவனைப் புகழ்ந்துகொண்டே, வேரோடு எடுத்தார். கர்னல் இரண்டு கையாலும் எடுத்தார். கடைசியில் விரல் நீளத்தில் ஒரே ஒரு செடி மிஞ்சியது.

லஸ்கம் தயங்கினார். மெய்யாகவே தயங்கினார். விட்டுவிட்டால் என்ன? ஆனால் கர்னலின் கண் அதன்மேல் இருந்தது. கர்னல் வீட்டில் செடி பிழைக்குமா? அவருக்குச் செடிக்கும் சுருட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே, விஞ்ஞானத்தின் மீதுள்ள பொறுப்பு ஒன்றுக்காகவே, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, லஸ்கம் அதைத் தோண்டினார்.

ஹெக்ஸ்ட் மூச்சிரைக்க மேலே வந்தபோது வெறும் பாறையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஈரப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்கம்மா, பத்திரமா இருக்கு" என்று லஸ்கம் தமது தகரப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

டிசம்பர் விருந்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உலர்ந்த பெரணி வந்தது. கீழே லஸ்கமின் பெயர். "மனசாட்சி இல்லாத கைகள் இந்த அரிய செடியை நம் மண்ணிலிருந்தே அழித்துவிட்டன!" என்று அவர் முழங்கினார். கண்ணீரும் வந்தது. நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். அதுதான் இந்த இனத்தின் சிறப்பு.

ஹெக்ஸ்ட் எழுந்தார். "அது யார் கைன்னும் சொல்லிடுங்க ஐயா."

பாதிரியார் புட்டிங்கில் ஆழ்ந்தார். கர்னல் கூரையை ஆராய்ந்தார்.

"பொதுமக்கள்ம்மா" என்றார் லஸ்கம், துளிகூடக் கூசாமல். "படிப்பறிவில்லாத பொதுமக்கள்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

வசந்தம் வந்ததும் கடைத்தெருவில் அவரே ஹெக்ஸ்டை மறித்தார். "என்னம்மா, இந்த வருஷம் புதுசா ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"பட்டுதே. போனதைவிட ஒசத்தி."

"அடடே! எங்க?"

"அது இருக்கிற எடத்துலயே ஐயா" என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு ஹெக்ஸ்ட் போய்விட்டார்.

லஸ்கம் நொந்துபோனார். இவ்வளவு சுயநலமா ஒரு பெண்ணுக்கு! அடுத்த கூட்டத்திலேயே, அறிவைப் பதுக்குகிறவர்களைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. டாக்டர் வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் சங்கத்தில், எல்லோரும் தூக்கினார்கள் என்று நீங்களும் கையைத் தூக்கினீர்களே, அது எதற்கென்று ஞாபகம் இருக்கிறதா?