பன்றிக்குக் கட்டின சேலை

வேலிக் கம்பில் இருந்த முடிச்சில் ஜன்னத் கை வைத்ததுதான் தாமதம், மக்காச்சோளத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"யாரது? சேலையத் தொடாத."

பரளச்சிக் கரிசலில் கதிர் பிடித்துவிட்டால் புஞ்சைக்குப் புஞ்சை சேலைதான். காட்டுப்பன்றி உள்ளே நுழையாமலிருக்க, பழைய சேலைகளைச் சுற்றிலும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் அது வேலி. ஜன்னத் கண்ணுக்கு மட்டும் அது ஜவுளிக்கடை.

அவள் பிழைப்பு அப்படி. அருப்புக்கோட்டையில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். பழைய சேலைகளைத் தேடிப்பிடித்து, ஜீன்ஸுக்கு மேலே மாட்டிக்கொள்கிற நீளச் சட்டையாகத் தைப்பாள். ஆபீஸுக்கும் போடலாம், காய்கறி வாங்கவும் போடலாம் என்று போனில் படம் போடுவாள். அதைப் பார்த்துவிட்டு மதுரையில் கடை வைத்திருக்கும் தங்கலட்சுமி பேசியிருந்தாள். வெள்ளிக்கிழமை வருவாளாம். அசல் நாற்பது வருஷப் பழசில் ஒரு சட்டை தைத்துக் காட்ட வேண்டுமாம். பிடித்துவிட்டால் இனிமேல் கடைக்கு எல்லாமே ஜன்னத் கையால்தான்.

பிடிக்காவிட்டால் அத்தா மீரா சாகிபு சொல்லிவைத்திருக்கும் நூல் மில்லில் கணக்கெழுதப் போக வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

இந்தச் சேலையோ, கரைந்துபோன சிவப்பில் மங்கலான மஞ்சள் பூ. தலைமுறைக்கும் துவைத்தாலொழிய அந்த நிறம் வராது என்று சத்தியமே பண்ணுவாள்.

புஞ்சைக்காரர் உக்கிரபாண்டி வெளியே வந்தார்.

"மாமா, இது ரொம்பப் பழைய சேலையா?"

"பின்ன, புதுச் சேலையவா பன்னிக்குக் கட்டுவாக?"

"எத்தன வருசம் இருக்கும்?"

"எனக்கென்ன தாயி தெரியும். எல்லாம் என் சம்சாரம் பெத்தம்மா பெட்டியில கெடந்தது. அவ மக பிரசவத்துக்குப் பாலவனத்தம் போயிருக்கா. எங்க கல்யாணத்தப்போ உள்ளதாக் கூட இருக்கும்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? புதுச் சேலை ஒன்று வாங்கித் தருகிறேன் என்று பேசி, மறுபடி பஸ் ஏறி, டவுனில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிவிட்டு, பழையதைச் சுருட்டிக்கொண்டு போனாள். போன வேகத்தில் வெட்டியும் விட்டாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"ஏத்தா, ஒரு பாத்தி போச்சு. பன்னி புகுந்துருச்சு."

"சேலை கட்டியிருக்குல்ல மாமா?"

"அது கடை வாடை அடிக்குது. பன்னி சேலையக் கண்டா பயப்படும்? மனுச வாடைக்குல்ல பயப்படும். பொம்பள உடுத்திக் கசங்கின சேலைக்குத்தான் அது ஒதுங்கும். என் சேலையக் கொண்டாந்து குடுத்துரு."

கைகள் தனியாக, காலர் தனியாக மேஜைமேல் கிடந்ததை ஜன்னத் பார்த்தாள். இதை எங்கே கொண்டுபோய்க் குடுப்பது?

மனுச வாடைதானே வேண்டும் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணன் நவாஸ் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டில் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போய், புதுச் சேலை முந்தியிலிருந்து அடிவரைக்கும் அடித்துவிட்டாள். உக்கிரபாண்டி தும்மிக்கொண்டே நின்றார்.

"இதென்ன வாடை?"

"மனுசங்க போடுறதுதான் மாமா."

"எந்த ஊரு மனுசங்க?"

மறுநாளும் போன் வந்தது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

"குட்டியெல்லாம் கூட்டிக்கிட்டு வந்திருக்கு தாயி. குடும்பத்தோட விருந்து. மோந்து பாத்துக்கிட்டே ஒரு வரிசை முழுக்கத் தின்னுட்டுப் போயிருக்கு. இன்னைக்கு நீ வழி பண்ணலன்னா நானே உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன்."

வெள்ளிக்கிழமை வாசலில் தங்கலட்சுமி காரும் உக்கிரபாண்டியும் ஒன்றாக நிற்பதை நினைத்துப் பார்த்தாள். ஐயோ என்றிருந்தது. நல்ல காரியம் ஒன்று பண்ணப் போனால் நாட்டில் உள்ள பன்றியெல்லாமா குறுக்கே வரவேண்டும்?

உடுத்தின சேலைக்கு எங்கே போவது? அவள் சுடிதார்க்காரி. புறவாசலில் அம்மா ஹலீமா துவைக்கப் போட்ட நீல நூல் சேலை கிடந்தது. அம்மாவுக்கு வீட்டில் இருக்கும்போது அதுதான். அடுப்படி, தூக்கம், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அந்தச் சேலையில்தான். ஜன்னத்துக்கு விவரம் தெரிந்த நாளாக அப்படித்தான். முகர்ந்து பார்த்தாள். வெங்காயம், வியர்வை, மண்ணெண்ணெய், தைலம், எதற்கும் குறைவில்லை. பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதைக் கட்டின பிறகு போன் வரவில்லை. பன்றியும் வரவில்லை போலிருக்கிறது. அம்மாதான் விடவில்லை.

"என் நீலச் சேலையப் பாத்தியா?"

"இல்லையேம்மா."

"கொடியிலயும் இல்ல. ஒடம்புல போட்டா பூ மாதிரி கெடக்கும். எந்த எடுபட்டவ எடுத்தாளோ."

எடுபட்டவள் தலை நிமிராமல் பொத்தான் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை தங்கலட்சுமி வந்தாள். ஜன்னத் சட்டையை வெள்ளைப் பனியனுக்கு மேலே போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டு, முன்னறையில் இரண்டு நடை நடந்து காட்டினாள். தங்கலட்சுமி துணியை விரலால் தடவினாள். ஜன்னலோரம் கூட்டிப்போய் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இந்த நிறத்த மில்லுல கொண்டு வர முடியாது. எனக்குத் துணியத் தொட்டாலே வருசம் தெரியும். இது எண்பத்தஞ்சு, எண்பத்தாறுல எடுத்தது."

"கல்யாணத்துக்கு எடுத்த சேலையாம் மேடம்."

"அதான பாத்தேன். இதே மாதிரி இருபது வேணும். இதே மங்கல். கெடைக்குமா?"

"கெடைக்கும் மேடம்." மில்லாவது கணக்காவது என்று ஜன்னத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இருபது சேலைக்கு எங்கே போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து செருப்பைக் கழற்றினாள். கையில் மஞ்சள் பை.

"பரளச்சி உக்கிரபாண்டி சம்சாரம் பெத்தம்மா நானு. நேத்துத்தான் ஊருக்கு வந்தேன்." பைக்குள்ளிருந்து நீலச் சேலையை எடுத்தாள். "இத வேலியில பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. எம்புட்டு வருசத்துச் சேல, எப்படி மெத்துனு இருக்கு. இதப் போயி பன்னிக்குக் கட்டுவாகளா?"

அடுப்படியிலிருந்து வந்த ஹலீமா அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "இது ஜன்னத்து என் வயித்துல வர்றதுக்கு முன்னாடி எடுத்த சேலையாச்சே. இது எப்படி உங்க ஊருக்கு வந்துச்சு?"

ஜன்னத் தரையைப் பார்த்தாள். தங்கலட்சுமி நீலச் சேலையைப் பார்த்தாள். பெத்தம்மா மட்டும் ஜன்னத் உடம்பிலிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"அட, இது நம்ம சேலையில்ல?"

"ஆமாங்க," என்றாள் தங்கலட்சுமி ஆவலோடு. "இதே மாதிரி இன்னும் இருபது வேணும். உங்க ஊருல கெடைக்குமா?"

"அதுக்கென்ன, போன பங்குனியில சந்தையில எடுத்தது இது. கண்ணக் கூசுற செவப்புன்னு ரெண்டு தடவைக்கு மேல உடுத்தல, சித்திர வெயிலுக்கு மாட்டுக்கு நெழலாக் கட்டினேன், ரெண்டே மாசத்துல இப்படி வெளுத்துருச்சு. நீங்க இருபது புதுச் சேல வாங்கிக் குடுங்க, நான் பழசாக்கித் தாரேன்."