ஒரு புட்டிப் பாலுக்கு மூன்று அடுப்பு

அன்புள்ள அண்ணிக்கு,

மணி பன்னிரண்டரை. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பகலில் குட்டி பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறாள். இங்கே நான், உங்கள் தம்பி, உங்கள் மருமகள் குட்டி மூவரும் நலம். நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

அடுப்பைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எனக்குப் புருவம் இன்னும் இருக்கிறதென்றால் அதன் மூன்றாம் பக்கம்தான் காரணம்.

அடுத்த மாதம் காரில் ஏரிக்கரைக்குப் போய் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் அல்லவா? நாலு வருஷமாக லீவே எடுக்காத மனுஷர் எடுத்திருக்கிறார், வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை. எனக்கு ஒரே கவலைதான். நடுராத்திரி குட்டிக்குப் பால் வேண்டும், வெதுவெதுப்பாக வேண்டும். ஒருநாள் ஆறின பாலைக் கொடுத்தேன், புட்டி சுவரில் போய் விழுந்தது, அப்புறம் ஒரு மணி நேரம் அழுகை. பக்கத்துக் கூடாரக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நல்ல அடுப்பு அமையாவிட்டால் பயணமே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கடையில் இரட்டை அடுப்பைத் தடவிப் பார்த்தேன். "எத்தனை பேருக்கும்மா சமையல்?" என்றார் கடைக்காரர். "ஒரு புட்டி பால் சுட வைக்கணும்," என்றேன். இன்னும் இரண்டு சின்ன அடுப்புகளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு நான் கேட்ட கேள்விகளில் களைத்துப்போய், "மூணையும் எடுத்துட்டுப் போங்கம்மா, வேண்டாததைத் திருப்பிக் குடுங்க," என்று அனுப்பிவைத்தார்.

வேதியியல் படித்தவளாயிற்றே, சும்மா விடுவேனா? ஞாயிறு சாயங்காலம் கீழே கார் நிறுத்துமிடத்தில் சோதனை. குட்டியை எட்டத் தள்ளுவண்டியில் கட்டி வைத்தாயிற்று. ஏரிக்காற்றுக்கு எங்கள் டேபிள் ஃபேன். என் கையில் நோட்டு, உங்கள் தம்பி கையில் கடிகாரம். கேஸ் டப்பாவின் தலையில் திருகுகிற சின்ன அடுப்பு, பாத்திரத்தோடு சாய்ந்து உங்கள் தம்பியின் செருப்பை நனைத்தது. இரட்டை அடுப்பு அருமையாக எரிந்தது, ஆனால் காரில் அது வரலாம், அல்லது நான் வரலாம். உங்கள் தம்பி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, பக்கத்திலேயே டப்பா படுத்திருக்கிற தட்டையான ஒற்றை அடுப்பு. நன்றாகத்தான் எரிந்தது. "சமையலும் ஆகுமான்னு பாத்துடலாமே!" என்று இவர் மேலே ஓடி, வீட்டிலேயே பெரிய வாணலியைக் கொண்டுவந்து வைத்தார். அது டப்பாவுக்கும் சேர்த்துக் குடை பிடித்தது. நான் பாட்டுக்கு நிமிஷத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறேன், திடீரென்று உங்கள் மூன்றாம் பக்கம் கண்முன்னே வந்தது: "அகலப் பாத்திரம் வைக்காதே, டப்பா சூடேறினால் வெடித்துவிடும்." "ஐயோ, அணைங்க! அணைங்க!" அணைத்துவிட்டுத் தொட்டால் டப்பாவின் மூடி சுடுகிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன் அண்ணி.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு டீச்சரம்மா வந்தார். வெளியே அடுப்பு, வாணலி, கைக்குழந்தையோடு அழுகிற நான். நேராக உங்கள் தம்பியிடம் போனார். "படிச்சவர்தானே நீங்க? என்ன சண்டைன்னாலும் பொண்டாட்டியை வெளிய அடுப்பு மூட்ட விடுவாங்களா?"

"இல்லீங்க, காத்துல எரியுதான்னு பாத்தோம்..."

"அதுக்கு ஃபேன் வேற போட்டு விட்டீங்களாக்கும்!"

அன்றிலிருந்து டீச்சரம்மா இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு மட்டும் தினமும் ஒரு கிண்ணம் சூப் வருகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான், ஆனால் சூப் நன்றாக இருக்கிறது.

ஆக, ஒற்றை அடுப்பு, சின்னப் பாத்திரம், கூடாரத்துக்கு வெளியே, நீங்கள் சொன்னபடியே. என் குழந்தையும் அவள் அப்பாவும் முழுசாக இருப்பது உங்கள் புண்ணியம். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: இப்போது மணி இரண்டு. குட்டி முழித்துக்கொண்டாள். நான் எழுதுகிறேனே என்று உங்கள் தம்பி எழுந்துபோய், ஃப்ரிட்ஜிலிருந்த புட்டியை அப்படியே அவள் வாயில் வைத்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்து, ஏப்பம் விட்டுத் தூங்கிவிட்டாள். "நான் எழுந்துக்கற ராத்திரியெல்லாம் இப்படித்தானே குடுக்கறேன். அவளுக்கு ஆறினதுதான் பிடிக்காது, ஜில்லுன்னு இருந்தாப் பிடிக்கும்," என்கிறார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால், "நீ அடுப்பு வாங்கறதுல அவ்வளவு மும்முரமா இருந்தே!"

ஜில்லென்று கொடுத்தால் சளி பிடிக்காதா அண்ணி? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.