தூக்குவாளி அக்காவின் பந்தி

கொட்டாரம் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் ஒரு மனிதன் தனியாக வாழலாம், தனியாகச் சாகலாம். தனியாகச் சாப்பிட மட்டும் முடியாது. தூக்குவாளி அக்கா விடமாட்டாள்.

அக்காவுக்குச் சுடிதார் தைப்பது தொழில். நிஜப் பெயரை அவளே மறந்திருப்பாள். ஒரு ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர், எல்லோரும் கூடி உண்டு வாழும் ஐக்கியத்தைப் பற்றி அருமையாகப் பிரசங்கித்தார். நாங்கள் எல்லோரும் உருகிப்போய், வீட்டுக்கு வந்து, தின்று, தூங்கினோம். அக்கா மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டாள். மறுநாள் மதியம் தூக்குவாளியில் சோறும் கறியுமாகக் கிளம்பினாள்.

முதலில் சிக்கியது நான். வேலை மாற்றலாகி வந்து தனியாகக் குடியிருந்தேன்.

"தம்பி, தட்டு எடுங்க. சாப்பிடுவோம்."

"நான் சாப்பிட்டாச்சு அக்கா."

"ஆருகூட?"

போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"அப்ப அது கணக்குல வராது, கேட்டியளா" என்று மறுபடியும் சோறு போட்டாள். கொஞ்ச நாளில் என் பேன்ட்டுகளின் இடுப்பை அவளே பிரித்துத் தைத்துத் தரவேண்டியதாயிற்று.

அக்கா போகாத வீடு ஒன்றே ஒன்றுதான்: என் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வீடு. தையல் மெஷின் சத்தத்தில் மதியத் தூக்கம் போகிறது என்று தெருவே கேட்க அவர் திட்டியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சர்ச்சில் ஒரே பாட்டை ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு பாடுவார்கள்.

அவர் மனைவி இறந்துபோனார். அடக்கத்துக்குச் சபையே வந்தது, மறுவாரம் யாருமில்லை. துபாயிலிருக்கும் மகள் ஸ்பீக்கர் போனில் "அப்பா, சாப்பிட்டியளா?" என்று கேட்பதும், "சாப்பிட்டேன் மக்கா" என்று அவர் சொல்வதும் என் ஜன்னலுக்குக் கேட்கும். அவர் அடுக்களையில் வெளிச்சம் இருந்து நான் பார்க்கவேயில்லை.

அக்காவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தாள். மறுநாள் அவர் வாசலில் நின்றாள்.

"ஆரது?"

"நான்தான் சார். சாளைமீன் கறி."

"வேண்டாம். போயிரு."

"நீங்க திங்க வேண்டாம் சார். நான் இந்தப் படியில இருந்து தின்னுட்டுப் போறேன்."

சாத்திய கதவின் முன்னால் உட்கார்ந்து, ரசித்து, சத்தமாகச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. "மாங்கா போட்டிருக்கேன் சார், என்னா ருசி!" கதவு அசையவில்லை. பிறகு என்னையும் இழுத்தாள்.

"நான் மட்டும் தனியா தின்னா அது என்ன ஐக்கியம்? வாங்க தம்பி."

அடுத்தவர் வீட்டுப் படியில் இரண்டு பேர் பந்தி போட்டிருப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

ஒரு வாரம் போலப் போயிருக்கும். அக்கா என் பக்கம் திரும்பி ஏதோ சொன்ன நேரம், ஒரு காகம் அவள் தட்டிலிருந்து மீன்துண்டைக் கவ்விப் பறந்தது.

"காக்கா மீனக் கொண்டு போவுது, அங்க என்ன பேச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்படியானால் இத்தனை நாளும் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

கதவு திறந்தது. ஹெட்மாஸ்டர் தட்டோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததும் அவர் தோள் குலுங்கியது. கண்ணீர் சோற்றில் சொட்டியது.

"காரம் கூடிப்போச்சு சார்" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்குக் கொறச்சுப் போடுகேன்."

"ம்... கூடுதல்தான்" என்றார் அவர்.

நானும் அதே கறியைத்தான் தின்றுகொண்டிருந்தேன். காரமே இல்லை. அந்த ஒரு பொய்க்காக அக்காவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.