காவலுக்கு ஒரு துப்பாக்கி

உலகத்துக்கே சமாதானம் கற்றுக்கொடுத்தவர்கள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்காரர்களாகிய நாங்கள்தான். துப்பாக்கிகளை ஒழிக்கும் விழாவுக்கே துப்பாக்கியோடு காவல் போடும் முன்யோசனை வேறு எந்த ஊருக்கு வரும்? எங்கள் தெருவின் ஆயுதக்குழு தன் ஆயுதங்களைக் கான்கிரீட்டில் புதைத்த அந்த வியாழக்கிழமை, சாட்சியாக அழைக்கப்பட்ட போதகர் நான். பெருமையோடு பதிவு செய்கிறேன்.

தளபதி நார்மன் முகமூடியோடு வந்தார். தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும். மரியாதை கருதித் தெரியாததுபோல் நின்றோம். வெளிநாட்டு ஜெனரல் மேற்பார்வையிட, கான்கிரீட் இறங்கியது. கைதட்டினோம்.

மர்ட்டில் அம்மாள் சாண்ட்விச் தட்டோடு வந்தார். அவர் மகன் நெவின், தெருச்சுவரில் இருந்த தளபதி ஓவியத்தின் முகமூடிக்கு மீசை வரைந்தவன். தண்டனை, இரண்டு முட்டியிலும் குண்டு. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் முன்கூட்டியே நேரம் கொடுத்துவிடுவார்கள். நாகரிகமானவர்கள். நெவினுக்குக் கொடுத்திருந்தது மறுநாள் வெள்ளிக்கிழமை.

“ஏம்ப்பா நார்மன், துப்பாக்கியெல்லாம் புதைச்சாச்சு. நாளைக்கு எம்புள்ள வர வேணாம்ல?”

“நான் நார்மன் இல்லக்கா.”

“சரி, நார்மன் இல்லாதவனே, நீயே சொல்லு.”

“அதெப்படிக்கா? குடுத்த வாக்கு என்னாவுறது? நாலு பேரு எங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“எதை வச்சுடா சுடுவ?”

நார்மன் குழியருகே நின்ற தன் காவல்காரனின் துப்பாக்கியைக் காட்டினார். ஜெனரல் திடுக்கிட்டார்.

“அது ஆயுதம் இல்லையா?”

“அது காவலுக்குங்க. புதைச்சத எவனாவது தோண்டி எடுத்துட்டா?”

ஜெனரல் ஆழ்ந்து யோசித்து, ‘பாதுகாப்பு உபகரணம்’ என்று எழுதிக்கொண்டார். நான் “ஆமென்” என்றேன்.

மர்ட்டில் அம்மாள் நார்மனின் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பிடுங்கினார். “எம்புள்ளயச் சுடுறவனுக்கு என் வீட்டுச் சாப்பாடு ஒரு கேடா? ரெண்டு காலும் போனா அவன் எப்படிடா வேலைக்குப் போவான்?” குரல் உடைந்துவிட்டது.

முகமூடிக்குள் நார்மன் இளகினார். “அழாதக்கா. சமாதானத்தை முன்னிட்டு ஒரு முட்டி தள்ளுபடி.”

சாண்ட்விச் திரும்பக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நெவின் சொன்ன நேரத்துக்குப் போனான். திங்கட்கிழமை ஜெனரலின் அறிக்கை வெளிவந்தது. கீழே சாட்சியாக என் கையெழுத்து. ‘ஆயுதங்கள் முற்றாக ஒழிந்தன. தெருவில் வன்முறை சரிபாதியாகக் குறைந்துள்ளது.’

ஆதாரம் வேண்டுவோர் நெவினின் இடது காலைப் பார்வையிடலாம். வலது காலைப் பார்க்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.