ரமணன் சேர் மேற்கே போன கதை

பொறாமைப்படுவதற்கும் ஒரு தராதரம் வேண்டும். ஸ்காபரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்விலில் ஐந்து அறை வீடு வாங்கியவனைப் பார்த்து வயிறெரிந்தால் ஊர் உலகம் புரிந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரனின் புதுக்காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் மனைவிகூட ஆறுதல் சொல்லுவாள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒருத்தனைப் பிடித்துவிட்டது என்பதற்காக நித்திரையில்லாமல் புரண்டவனுக்கு யார் ஆறுதல் சொல்வது? நான் புரண்டிருக்கிறேன். ஒரு கோடை முழுக்கப் புரண்டிருக்கிறேன்.

அவன் பெயர் ஜெரோம். மன்னார்ப் பெடியன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளமை, ஆனாலும் வாய் நிறைய "அண்ணை, அண்ணை" என்பான். (அதுவே எனக்குப் பாதிக் கோபம்.) அடர்ந்த தலைமுடி. கிற்றார் வாசிப்பான். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். இத்தனையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்த கடவுளுடன் எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

ரூஜ் ஆற்றுப் பக்கம் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்றில் பத்மா அன்ரி கோடை வகுப்பு நடத்தினார். ஊரில் அதிபராக இருந்தவர், இங்கே வந்தும் அதிபராகவே இருந்தார். எனக்கு அப்போது தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ற். காலையில் சும்மாதானே இருக்கிறீர் என்று என்னைப் பிடித்து ஒரு வகுப்பை என் தலையில் கட்டினார். மற்ற வகுப்பு ஜெரோமுக்கு. பெற்ற பிள்ளைக்குப் பெற்றவரே படிப்பிக்கக்கூடாது என்பது அன்ரியின் சட்டம். ஆகவே என் மகள் ஆரணி ஜெரோமின் வகுப்புக்குப் போனாள். சட்டம் சட்டம்தான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேகம் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

அந்த வருடப் பாடம், அமெரிக்கர்கள் மேற்குத் திசையை ஆராயப் புறப்பட்ட கதை. நியூ ஜேர்சியில் இருந்த அன்ரியின் தங்கை, ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்.

"அன்ரி, கனடாவில பிறந்த பிள்ளையளுக்கு ஏன் அமெரிக்காக் கதை?" என்று கேட்டேன்.

"தம்பி, ஆறும் மலையும் கரடியும் எல்லா நாட்டிலயும்தானே இருக்கு. படங்கள் என்ன வடிவு எண்டு பாரும்" என்றார். அதோடு பாடத்திட்டம் முடிவாகிவிட்டது.

நான் மிகவும் கவனமாகத் தயாரித்தேன். ஜனாதிபதி இரண்டு கப்டன்மாரை அனுப்புகிறார். மேற்கே கடல் வரைக்கும் ஆற்றுவழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் நீரோட்டத்துக்கு எதிராகப் படகுகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கைக்குழந்தையை முதுகில் சுமந்தபடி ஒரு பூர்வகுடிப் பெண்ணும் கூடப் போகிறாள். ஒரு மலையைத் தாண்டினால் கடல் வரும் என்று நினைத்தவர்களுக்கு மலைக்குப் பின்னால் மலையாக வருகிறது. இதையெல்லாம் கரும்பலகையில் ஆறு ஆறாக, கிளை கிளையாக வரைந்து விளக்கினேன். முடிந்ததும், "கேள்வி இருக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றேன். தனுஷன் என்ற சிறுவன் கையைத் தூக்கினான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"சேர், இஸ் இற் ஸ்நாக் ரைம்? பசிக்குது."

இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு மடிப்புக் கதவுதான். அந்தப் பக்கம் ஜெரோம் கதிரைகளைப் படகாக அடுக்கி, பிள்ளைகளைத் துடுப்புப் போட வைத்திருந்தான். ஒருத்தி குழந்தை. ஒருத்தன் நுளம்பு. ஒவ்வொருவரையும் கடித்துக்கொண்டு திரிவது நுளம்பின் வேலை. சிரிப்புச் சத்தத்தில் கதவு நடுங்கியது. என் வகுப்பு முழுவதும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டிலும் அவன்தான்.

"அப்பா, யு நோ வட்? அங்க முதலே ஆக்கள் இருந்தவை. கப்டன்மார் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை. வழி கேட்டுத்தான் போனவையாம். ஜெரோம் சேர் சொன்னவர்."

"அதை நானும் என்ர வகுப்பில சொன்னனான்."

"நீங்கள் சொல்லேக்க எல்லாரும் நித்திரையாம். தனுஷன் சொன்னவன்."

என் மனைவி வாசுகி சிரிப்பை மறைக்கக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழம்பு இன்னும் யாருக்கும் பரிமாறப்படவில்லை.

வகுப்புகள் முடிவதற்கு முந்திய வாரம், வெள்ளிக்கிழமை, இரண்டு வகுப்பையும் ரூஜ் ஆற்றோரக் காட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்று எப்படியாவது ஜெரோமை வென்றுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். கிற்றார் எனக்கு வராது. கன்னத்தில் குழி விழவைக்கவும் வழியில்லை. எனக்கு இருந்த ஒரே வளம் என் நண்பன் நேசன். பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்குப் பலூன் கட்டிக் கொடுப்பவன். அத்தோடு கரடி உடுப்பும் போட்டு ஆடுவான்.

திட்டம் எளிமையானது. மரப்பாலத்துக்குப் பக்கத்துப் பற்றைக்குள் நேசன் கரடியாக ஒளிந்திருப்பான். பிள்ளைகள் வந்ததும் உறுமிக்கொண்டு வெளியே வருவான். ஜெரோம் திகைத்து நிற்பான். நான் ஒரு தடியோடு முன்னே பாய்ந்து, "பின்னால நில்லுங்கோ!" என்று கத்துவேன். கரடி ஓடிவிடும். என் மகள் என்னைப் பார்ப்பாள். (சின்னப் பிள்ளைகள் பயந்துபோவார்களே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. அந்த வாரம் என் மண்டைக்குள் வேறு எதற்கும் இடமிருக்கவில்லை.)

வீட்டில் தரை கூட்டும் தும்புத்தடியோடு ஒத்திகை பார்த்தேன். வாசுகி வந்துவிட்டாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"எக்சர்சைஸ்."

"பின்னால நில்லு எண்டு ஆருக்குச் சொல்லுறியள்?"

வெள்ளிக்கிழமை காலை நேசனிடமிருந்து செய்தி வந்தது: "மச்சான், வான் ஸ்ராட் வருகுதில்லை. குறை நினையாதை." அவ்வளவுதான். என் கரடி போய்விட்டது. எனக்கு அழுகை வராத குறை. மட்டன் ரோல்ஸ் நிறைந்த பெரிய பையை என் தோளில் மாட்டிவிட்டு, "சாப்பாட்டுக்கு நீர்தான் பொறுப்பு" என்றார் பத்மா அன்ரி. வரிசையின் முன்னே ஜெரோம் கிற்றாரோடு போனான். நான் ரோல்ஸோடு பின்னே போனேன்.

பாலத்தடியில் எல்லாரும் இளைப்பாறினார்கள். ஜெரோம் தண்ணீர் குடிப்பதற்காகக் கிற்றாரைக் கீழே வைத்தான். இதுதான் தருணம் என்று நான் ஒரு கல்லில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ! அந்தக் கப்டன்மாருக்கு வழியில கரடி வந்தது. இப்ப எங்களுக்கு முன்னால ஒரு கரடி வந்தா என்ன செய்யவேணும்?"

கரடி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருபது தலைகள் என் பக்கம் திரும்பின. தனுஷன் வாயைத் திறந்தபடி இருந்தான். ஆரணி, கண்ணை விரித்து, ஜெரோமைப் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தாள். எனக்குக் குரல் தானாகவே கனத்தது.

"முதலாவது, ஓடக்கூடாது. ஓடுறவன் மடையன். ரெண்டாவது, எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து, கையைத் தூக்கி, பெரிய ஆக்கள் மாதிரி நிக்கவேணும். மூண்டாவது, சத்தமாப் பாடவேணும். பயமே படக்கூடாது. என்னைப் பாருங்கோ, நான்..."

எனக்குப் பின்னால் பற்றை சரசரத்தது. திரும்பிப் பார்த்தேன். கரடி.

ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கில் நேசன் வீட்டில் இருந்தான். ஸ்ரௌவ்வில் பக்கம் யாருடைய வளவுக்குள்ளோ கரடி வந்ததாகப் போன வாரம்தான் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றித் திரிந்தது. ஆகவே இது நிசக்கரடி. இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் எதையும் யோசிக்கவில்லை. "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னுடைய சத்தம் என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஓடினேன். சரிவில் உருண்டேன். ஒரு சப்பாத்து எங்கோ பறந்தது. ஆற்றுக்குள் விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் போய் இருந்துவிட்டேன். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தேன். ரோல்ஸ் பையை மட்டும் விடவில்லை. அது நனையாமல் என் தலைக்கு மேலே இருந்தது.

அங்கிருந்து மேலே பார்த்தேன். ஜெரோம் பிள்ளைகளுக்கு முன்னால் கையை விரித்தபடி நின்றான். "ஒருத்தரும் ஓடாதேங்கோ! ரமணன் சேர் சொன்னதைச் செய்யுங்கோ! கையைத் தூக்குங்கோ! பாடுங்கோ!" என்று கத்தினான். இருபது பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். அந்த அவதியில் அவர்கள் எல்லாருக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தது பிறந்தநாள் பாட்டு. உச்சக் குரலில் அதைப் பாடினார்கள்.

கரடி ஒரு கணம் நின்றது. பிறகு இடுப்பில் கையை வைத்து ஆடத் தொடங்கியது.

பாவம் நேசன். எத்தனை வருடப் பழக்கம். அந்தப் பாட்டைக் கேட்டால் அவன் கால் தானாக ஆடும். ஒரு சுற்று ஆடிவிட்டு, மூச்சு வாங்க, தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். முகமெல்லாம் வியர்வை.

"ஆராவது கொஞ்சம் தண்ணி தாங்கோ. ரமணன் எங்க? உவன்தான் என்னை வரச் சொன்னவன். மனுசி கொண்டுவந்து இறக்கிவிட்டவ."

எல்லாரும் ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

"வாறன் எண்டு ஒரு ரெக்ஸ்ட் போட்டிருக்கலாமேடா!" என்று நான் தண்ணீருக்குள் இருந்தே கத்தினேன்.

அவன் இரண்டு பெரிய மயிர்க்கைகளையும் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையால எப்படியடா அடிக்கிறது?"

பத்மா அன்ரி சரிவின் விளிம்பில் வந்து நின்று என்னைப் பார்த்தார். எத்தனையோ மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பார்வை அது. "ரமணன், முதல்ல ரோல்ஸைக் கொண்டுவாரும். பிள்ளையள் பசியில நிக்குதுகள்" என்றார்.

ஜெரோம் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கினான். "நீங்கள் சொல்லித் தந்தபடியாத்தான் அண்ணை எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரிஞ்சது" என்றான். உண்மையாகவே சொன்னான். அவனிடம் பொய்கூட இல்லை. அந்த இடத்தில் அவனைத் தண்ணீருக்குள் அமுக்காமல் விட்டதுதான் அன்று நான் செய்த ஒரே வீரச்செயல்.

வீட்டுக்குப் போகும்போது காருக்குள் ஆரணி என் ஒற்றைச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்பா, வை டிட் யு ரன்?"

"கரடி சாப்பாட்டு மணத்துக்குத்தான் வாறது. அதுதான் ரோல்ஸை அங்கால கொண்டுபோனனான்."

"பட் அது கழுத்தில போ டை கட்டியிருந்தது அப்பா. சிவப்பு போ டை."

நேசன் அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருக்கிறான். இருபது பிள்ளைகளும் கண்டிருக்கிறார்கள். நான் மட்டும் காணவில்லை.

"ஏன் அந்த மாமாவை வரச் சொன்னீங்கள்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. சப்பாத்தும் ஒன்றுதான் இருந்தது. "நீ என்னைப் பாக்கவேணும் எண்டுதான்" என்றேன்.

"நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றாள் ஆரணி. "நீங்கள் ஆத்துக்குள்ள விழும்வரைக்கும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அடுத்த திங்கட்கிழமை, மேற்குப் பயணத்தைப் படமாக வரையச் சொல்லி அன்ரி தாள் கொடுத்தார். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இரண்டு கப்டன்மார் இருந்தார்கள், படகு இருந்தது, குழந்தையோடு அந்தப் பெண் இருந்தாள். எல்லாருக்கும் முன்னால், ஒரு பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, ஒற்றைச் சப்பாத்தோடு ஒருத்தர் ஓடிக்கொண்டிருந்தார். "ரமணன் சேர் இஸ் கோயிங் வெஸ்ற்" என்று தனுஷன் கீழே எழுதியிருந்தான். அந்தக் கோடையில் என் வகுப்பில் ஒருவன் ஆர்வத்தோடு எழுதிய ஒரே வசனம் அதுதான்.

அன்று தொடங்கியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் நேரத்தில் நான் எழும்பினால், "அப்பா மேற்க போறார்" என்கிறாள் ஆரணி. வாசலில் தெரியாத ஆள் மணி அடித்து, நான் மனைவியைத் திறக்கச் சொன்னால், "மேற்க போகாமல் நீங்களே திறவுங்கோ" என்கிறாள் வாசுகி. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெடியன் தன் சிநேகிதனிடம், "பில் வரேக்க மேற்க போயிடாதை" என்றான். அந்தச் சொல் ஸ்காபரோ தாண்டிப் போய்விட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. ஜெரோம் இப்போது எங்கள் குடும்பத்தில் ஒருத்தன் மாதிரி. எந்தக் கொண்டாட்டம் என்றாலும் சாப்பாடு முடிந்ததும், "ஜெரோம், அந்தக் கரடிக் கதையைச் சொல்லும்" என்பார்கள். விழுந்தவன் நான். நனைந்தவன் நான். சப்பாத்தைத் தொலைத்தவன் நான். கதை சொல்வது அவன். நான் ஆற்றில் விழுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, கிற்றாரில் ஒரு தந்தியைத் தட்டுவான். சனம் கண்ணீர் வரச் சிரிக்கும். நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாதியில் ஒருத்தர் சோறு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்திலாவது கதை என்னுடையதாக இருக்கட்டும் என்று. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக ஆரணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கையைக் கன்னத்தில் வைத்து முழுவதையும் கேட்டாள்.

"நல்லா இருக்கு அப்பா" என்றாள். "ஒருக்கா ஜெரோம் சேரட்டக் குடுத்து எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லுவமே?"