மேனேஜரோட அப்பா

ஏழு நாள். என் மனைவியை ஏழே ஏழு நாள் கண்ணெதிரே வேஷம் கட்டி ஏமாற்ற வேண்டும். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னால் முடியாத காரியம். ஆனாலும் துணிந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் ஞானசுந்தரி மால்டாவில் ஒரு பெரிய ஓட்டலில் ரெண்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மால்டா என்பது மத்தியதரைக் கடலுக்கு நடுவில் இருக்கிற தீவு. ஏற்காட்டில் யார் கேட்டாலும் "பொண்ணு அங்க மேனேஜர்" என்று சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஒண்டிக்கடை முக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம், பஸ் வரும்வரை சொல்வேன். சில பேர் என்னைப் பார்த்ததும் நடந்தே போய்விடுவார்கள்.

உண்மையில் அவள் மேனேஜர் இல்லை. ரிசப்ஷன் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். போன இடத்தில் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எனக்கு மட்டும் போன் செய்து அழுதாள்.

"தெனமும் பதினாறு ரூம் சுத்தம் பண்றனுங்கப்பா. அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. தாங்க மாட்டாங்க."

"என்னை நம்பு கண்ணு" என்றேன்.

அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பதினாறு ரூமை ஒருத்தியாக மேனேஜ் பண்ணுகிறவள் மேனேஜர்தானே? காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன் நான். ஒரு தடவை எழுதினால் அடித்துத் திருத்த மாட்டேன்.

போன டிசம்பரில் ஒருநாள் காலை. என் மனைவி அருக்காணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, சுந்தரிய ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்க."

"மால்டாவுக்கா? சேலத்துக்கு எறங்கறதுக்குள்ள இருவது வளைவுலயும் வாந்தி எடுக்கற ஆளு நீ."

"ஏரோப்ளேனுக்கு ஏதுங்க வளைவு?"

"அவ நொம்ப வேலையா இருப்பா. மேனேஜர் பாரு."

"மேனேஜருக்கு அம்மா இருக்கக் கூடாதுங்களா?"

"அங்க குளுரு."

"இங்க மட்டும் என்ன அனலாவா அடிக்குது?"

எனக்கு நாலாவது காரணம் தோன்றவில்லை. அடுத்த மாதமே கிளம்புவதாக முடிவாயிற்று.

கொல்லைப்புறம் போய்ச் சுந்தரிக்கு ரகசியமாகப் போன் போட்டேன். இருவரும் சேர்ந்து திட்டம் தீட்டினோம். ஜனவரியில் ஓட்டல் பாதி காலி. வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்குச் சலுகையில் அறை கிடைக்கும். எங்கள் அறை நாலாவது மாடியில். அவள் சுத்தம் செய்வது முதல் இரண்டு மாடிகளில். காலை எட்டிலிருந்து நாலு மணிவரை அருக்காணி அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சாயங்காலம், ரிசப்ஷனில் இருக்கிற மரியசெல்வி என்ற தூத்துக்குடிப் பெண்ணிடம் கறுப்புக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மேனேஜராக வந்து நிற்பது சுந்தரியின் பொறுப்பு.

மூன்று விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அருக்காணி வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

அந்த ஓட்டலைப் பற்றி இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் நீலக் கடல், நீல வானம், நீல நீச்சல்குளம். நாங்கள் போனபோது வானம் அடுப்புச் சாம்பல். குளத்தைக் காலி செய்திருந்தார்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வெயிலுக்கு விரிக்கிற குடைகளைத் துணி சுற்றிக் கயிறு போட்டு வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். பார்க்கிறபோதெல்லாம் யாருடைய சாவுக்கோ வந்த மாதிரி இருந்தது.

அறைச் சீட்டில் 'சீ வியூ' என்று போட்டிருந்தது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு அருக்காணி, "சீ!" என்றாள். பாதி சரியாகத்தான் இருந்தது. எதிரே ஒரு சுவர். அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. கழுத்தை நன்றாக ஒடித்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் கடல் தெரியும். அதுவும் யார்மேலோ கோபமாக இருந்தது.

சுவரைத் தொட்டால் கை நனைந்தது. ஆடி மாசத்து மழையில் ஏற்காட்டில் என் செருப்புக்குப் பூசணம் பிடிக்கும். அங்கே எனக்கே பிடித்துவிடும் போலிருந்தது. ஹீட்டர் என்னைவிட அதிகமாக இருமியது. சாப்பாட்டில் தினமும் உருளைக்கிழங்கு. ஒருநாள் வேகவைத்தது, ஒருநாள் பொரித்தது, ஒருநாள் பிசைந்தது. வேஷம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

தங்கியிருந்தவர்கள் எல்லாரும் வயசான வெள்ளைக்காரர்கள். அவர்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து இந்தக் குளிருக்கு வந்தவர்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் டீ குடிப்பார்கள். ஒரு பெரியவர் தினமும் அரைக்கால் நீச்சல் டவுசரும் மேலே கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு வருவார். காலிக் குளத்தை எட்டிப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார்.

முதல் நாள் காலை. அருக்காணியை எப்படி வெளியே அனுப்புவது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்.

"ஏனுங்க, நான் போய்க் கடல் பாத்துட்டு, பக்கத்துல மாதா கோயில் இருக்குதாம், அங்க கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வர்றனுங்க. உங்களுக்குத்தான் முழங்கால் வலியாச்சே. நீங்க படுத்துக்குங்க."

எனக்கு முழங்கால் வலி இல்லை. ஆனால் இப்படித் தானாக வந்து மாட்டுகிற வாய்ப்பை விடலாமா? "ஆமா புள்ள, நேத்திலிருந்து குத்துது" என்றேன்.

எட்டு மணிக்குப் போனவள் மூன்றரைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"கடல் எப்படி இருக்குது?"

"நொம்பப் பெருசுங்க."

மறுநாளும் போனாள்.

"இன்னிக்குக் கடல் எப்படி?"

"அப்படியேதானுங்க இருக்குது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவளுக்கா இத்தனை வருஷம் பயந்து செத்தோம்? கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, வெற்றி பெற்றவன் தூங்குகிற தூக்கம் தூங்கினேன்.

சாயங்காலம் சுந்தரி கறுப்புக் கோட்டில் வந்தாள். தோள் ஒரு சாண் தொங்கியது. கோட்டுக்குள் அவள் பாதிதான் இருந்தாள். வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள்.

அருக்காணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேனேஜருன்னா கைய பாக்கெட்டுலயே வெச்சுக்கோணுமாட்ட இருக்குது" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அறைக்கு வந்து அருக்காணி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

"கடலப் பாத்தா இடுப்பு வலிக்குமா என்ன?"

"எதுத்த காத்துங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் ஹீட்டர் உயிரை விட்டது. கூரையிலிருந்து என் தலையணைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். போனில் கூப்பிட்டால் எடுப்பார் இல்லை. பதினொரு மணிக்கு, புகார் சொல்லுவதற்காகக் கீழே கிளம்பினேன். லிஃப்டும் ஓடவில்லை. படியில் இறங்கினேன்.

இரண்டாவது மாடியில் ஒரு அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் துணியும் பக்கெட்டும் அடுக்கிய தள்ளுவண்டி.

உள்ளே கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர். நடுவில் ஒரு வெள்ளை விரிப்பு காற்றில் உப்பி நின்றது. அது மெதுவாகக் கீழே இறங்கியபோது, அந்தப் பக்கம் சுந்தரி தெரிந்தாள். இந்தப் பக்கம் அருக்காணி. சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஓட்டல்காரர்களின் நீல ஏப்ரனைக் கட்டியிருந்தாள். சுந்தரியின் வலது மணிக்கட்டில் கட்டு. விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அருக்காணி குனிந்து, அந்தக் கனத்த மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடித்தாள். சுந்தரி இடது கையால் விரிப்பைச் செருகினாள். அருக்காணி அடுத்த மூலைக்குப் போனாள்.

நான் அங்கேயே நின்றேன்.

"கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க" என்றாள் அருக்காணி, திரும்பிப் பார்க்காமலே. "சூப்பர்வைசரம்மா வர்ற நேரம்."

சாத்தினேன்.

"அருக்காணி, உனக்கு எப்பத் தெரியும்?"

"இவ இங்க வந்த மூணாம் நாள்லேருந்துங்க."

"ஆனா எனக்கு மட்டுந்தான் சொன்னதா... அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு இவதானே அழுதா!"

"அப்படிச் சொல்லச் சொன்னதே நாந்தானுங்க."

"எதுக்கு?"

"எப்படியும் ஒரு நாளைக்கு உங்களுக்குத் தெரியத்தான் போகுது. தெரிஞ்சா நீங்க ஒடஞ்சு போயி மூலைல ஒக்காந்துக்குவீங்க. எங்கிட்ட இருந்து மறைக்கோணுமுன்னு ஒரு வேலையக் குடுத்தா, அந்தக் கவனத்துல நடமாடிக்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

ஒன்றரை வருஷம் நான் கட்டிக்காத்த ரகசியம், அவள் எனக்குப் போட்டுக் கொடுத்த வேலை.

சுந்தரியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சோப்பு மருந்து பட்டுத் தோல் உரிந்திருந்தது.

"இது என்ன கண்ணு?"

"மெத்த தூக்கித் தூக்கி நரம்பு வீங்கிருச்சுங்கப்பா. ரெண்டு வெரலு மரத்துப் போச்சு. நாலு மாசம் ஆச்சுங்க. டாக்டரு தூக்கவே கூடாதுங்கறாரு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே!"

"எங்கிட்டயுந்தான் சொல்லலீங்க" என்றாள் அருக்காணி. "போன்ல மூஞ்சி காட்டிப் பேசறப்ப, எப்பவும் எடது கைலயே போனப் புடிச்சிருந்தா. நீங்களுந்தான் பக்கத்துல ஒக்காந்து பாத்தீங்க."

பார்த்தேன். பார்த்து, "மேனேஜர், சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"அப்பவே ஊருக்கு வந்திருக்கலாமே சாமி. ஏன் வரல?" என்றேன்.

சுந்தரி தலையணைக்கு உறை மாட்டினாள். நீவிவிட்டாள். மறுபடியும் நீவிவிட்டாள்.

"நீங்க ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறீங்களேப்பா. நான் வந்து நின்னா உங்க மூஞ்சி எப்படி ஆகும்னு பயமா இருந்துச்சுங்க."

அந்த அறையில் ஹீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

அருக்காணி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வர்றப்பவே இவளுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்துட்டுத்தானுங்க வந்தேன். நானென்ன கடல் பாக்கவா வந்தேன்?"

சூப்பர்வைசரம்மா வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு உயரமான பெண். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். சுந்தரி அங்கேயே ஒரு தாளில் வேலையை விடுவதாக எழுதி, இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தம்மா வாசித்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். இன்றைக்கு மிச்சமிருக்கிற அறைகளை முடித்துவிட்டுப் போக முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மிச்சம் ஐந்து அறை இருந்தது. மூன்று பேருமாக முடித்தோம். முப்பது வருஷம் காப்பிச் செடிக்கு நடுவில் நின்று, அடுத்தவர் குனிவதைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். அன்றைக்கு ஐந்து குளியலறையின் தரையை முட்டி போட்டுத் தேய்த்தேன். இல்லாத முழங்கால் வலி நிஜமாகவே வந்தது.

ஊருக்குத் திரும்பினோம். சேலத்தில் பஸ் ஏறி மலை ஏறுகிறபோது, இருபது வளைவிலும் நான் வேறொரு பொய்யைத் தயார் செய்தேன். இந்தத் தடவை பெருமைக்காக இல்லை. பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. 'மேனேஜர் வேலைதான். தீவுச் சாப்பாடு ஒத்துக்கல. ஓட்டல்காரங்க அழுது அனுப்பி வெச்சாங்க.' மனப்பாடமாகிவிட்டது.

ஒண்டிக்கடையில் இறங்கினோம். டீக்கடைக் குழந்தைவேல் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். ஊரிலேயே அவனிடம்தான் அதிகம் பீற்றிக்கொண்டிருந்தேன். மார்பை நிமிர்த்தி ஆரம்பித்தேன்.

"கொழந்தவேலு, நம்ம சுந்தரி அந்த மேனேஜர் வேலைய..."

அவன் என்னைத் தாண்டிப் போய், சுந்தரியின் பையை வாங்கிக்கொண்டான்.

"கை எப்படி கண்ணு இருக்குது? நாளைக்குக் காலைல சேலத்துல நரம்பு டாக்டருகிட்ட டோக்கன் போட்டு வெச்சிருக்கறோம். நம்ம ஜீப்புலயே போயிரலாம்."

அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் சொல்லுச்சுங்க. ரூம் கூட்டற வேலைன்னு ரெண்டு வருசமா ஊருக்கே தெரியுமுங்களே, ரைட்டரே."

"அப்பறம் எதுக்குய்யா 'மேனேஜரம்மா எப்படி இருக்கறாங்க'ன்னு எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தே?"

குழந்தைவேல் அருக்காணியைப் பார்த்தான். அவள் பஸ்ஸிலிருந்து சூட்கேஸை இறக்குவதில் மும்முரமாக இருந்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"யாராச்சும் கேட்டாத்தான் நீங்க சோறு திம்பீங்கன்னு அக்கா ஆளுக்கொரு நாள் முறை போட்டுக் குடுத்துச்சுங்க. எனக்குச் செவ்வாக்கிழமை."