தையல்காரர் சொன்ன வருடம்

"உங்க கடை இருக்கிற இடத்துல பொதுக் கழிப்பறைன்னு போட்டிருக்கே" என்றார் நில அளவையர்.

தையல்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்தார். எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

வினை அவர் வாயால் வந்தது. கடைவீதியைப் புதுப்பிக்கத் தனி வாரியம் அமைத்திருந்தார்கள். தனி எல்லை, தனி வரி, தனி முத்திரை. கடைக்காரர்களே உறுப்பினர்கள். ஏதாவது ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, வீதியை அன்றிருந்தபடியே மீட்பது என்று முடிவானபோது, நம்மவர் எழுந்து கண்கலங்க ஒரு வருடத்தைச் சொன்னார்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அந்த வருடத்தில் ஒரு மழைநாள். திரையரங்கு வாசலில் ஒரு பெண் நின்றாள். எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நின்ற இவரைப் பார்த்துச் சிரித்தாள். வெட்கத்தில் நெளிந்தாள். வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. அவளையே கட்டிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து, அரங்கை ஒட்டி அப்போது காலியாகக் கிடந்த மனையிலேயே கடையும் போட்டார். ஈரத்தில் மின்னிய அந்த விளக்குகள் இனி வருமா என்று அவர் கேட்டபோது, வாரியமே மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏகமனதாகக் கை தூக்கியது.

"அந்த வருஷ வரைபடத்துல இல்லாததை இடிக்கணும், இருந்ததைக் கட்டணும். தீர்மானம் உங்களோடது" என்றார் வாரியத் தலைவரான மருந்துக்கடைக்காரர்.

"அப்ப அதுக்கு ரெண்டு வருஷம் பிந்தின வருஷத்தை எடுத்துக்குங்க. என் கடை வந்துடும்."

அளவையர் இரண்டு வருடம் பிந்தைய வரைபடத்தை விரித்தார். கடை இருந்தது. வீதி முழுக்கக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமும் இருந்தது.

"இதையும் தோண்டிடலாமா?" என்றார் தலைவர்.

"வேணாங்க. என் கடையையே 'பொது வசதி'ன்னு பதிஞ்சிடுங்க. கழிப்பறைக் கணக்கு சரியாயிடும்."

மறுநாள் கடை வாசலில் 'பொது வசதி' என்று வாரியத்தின் நீலப் பலகை தொங்கியது. மதியத்துக்குள் பதினொரு பேர் ஓட்டமாக வந்தார்கள். உடை மாற்றும் அறைக்குள் புகுந்துவிட்ட ஒருவரை வெளியே கொண்டுவருவதற்குள் தையல்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பதினொரு பேரும் வாரியத்துக்கு மனு எழுதினார்கள்: வீதிக்குக் கழிப்பறை உடனடித் தேவை.

இடிப்பதற்கு நாள் குறித்தார்கள். அந்தக் கடை போனால் தையல்காரருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"வரைபடமே தப்பு! அந்த வருஷம் அங்க கழிப்பறையே கிடையாது. கண்ணால பார்த்த சாட்சி இருக்கு" என்று கூட்டத்தில் முழங்கினார்.

"சாட்சி அப்படிச் சொல்லட்டும், கடை நிக்கும்" என்றார் தலைவர்.

தையல்காரர் மனைவியையே அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார்கள்.

"ஏம்மா, அன்னைக்கு நீங்க மழையில சினிமாவுக்கு வந்தப்ப, பக்கத்துல கழிப்பறை இருந்துச்சா?" என்று கேட்டார் தலைவர்.

அந்த அம்மாள் கணவரைப் பாவமாகப் பார்த்தார்.

"சினிமாவுக்கா? கழிப்பறை வரிசை தியேட்டர் வாசல் வரைக்கும் நின்னுச்சுங்க, நான் அதுலதான் நின்னேன்."